நாற்பத்தோராம் தாள்

முதுநகர்த் துறைமுகத்து டீசல் பங்க்கில்
பில் போடுகிறேன்.
படகு வராத நேரம்
பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில்
ஒரு நாவல்.

போகும்போது படகில் ஆறு பேர்.
வரும்போது ஏழு பேர்.
இதுதான் முதல் வரி.
எழுதிய ராத்திரி எனக்கே தூக்கமில்லை.
ஏழாவது ஆள் யாரென்று
எனக்கும் தெரியாது.

எதிரே ஐஸ் பேக்டரி,
இரவு ஷிப்டில் வைரக்கண்ணு.
படிக்கக் கேட்டார், கொடுத்தேன்
நூல் கோத்த ஐம்பத்தெட்டுத் தாள்.
நாலு நாள் கழித்துத் திருப்பித் தந்தார்.
"நல்லா இருக்கு மேடம்."

வாங்க வராதவர்கள்
வஞ்சிரத்தைப் பார்த்துச் சொல்வார்களே,
அந்த நல்லா இருக்கு.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன்.
ஐஸ் பார் தூக்கிய கை;
ஒவ்வொரு தாளிலும் வலது மூலை
நனைந்து காய்ந்து
அப்பளமாய் நெளிந்திருந்தது.
பத்து, பதினேழு, முப்பது,
முப்பத்திரண்டில் ரெண்டு விரல்
(அங்கேதான் அஞ்சுகம் கதவைத் திறக்கிறாள்),
நாற்பது வரைக்கும் அவர் இருந்தார்.
நாற்பத்தொன்றில் இல்லை.
அங்கிருந்து கடைசிவரை
மொடமொடப்பு.

வாய் மரியாதைக்குச் சொல்லும்.
கட்டைவிரலுக்கு அது தெரியாது.

நாற்பத்தொன்றில் என்னதான் வைத்திருந்தேன்?
விடியல்.
மூன்று தாளுக்கு விடியல்.
உப்பனாறு கடலில் சேரும் இடத்தில்
சூரியனைச் செம்பாக்கிக் குங்குமமாக்கி
மறுபடி செம்பாக்கி.
கரையில் அஞ்சுகம் நிற்கிறாள்,
ஏழாவது ஆள் தலைத்துண்டை அவிழ்க்கப் போகிறான்,
நான் வானத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன்.
தினம் விடிந்த பிறகே வீட்டுக்குப் போகிறவருக்கு
என் விடியல் எதற்கு?

ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.
அந்தச் செம்புக்கு
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கிறேன்,
கறி எடுக்கவில்லை அன்று.

புதன்கிழமை,
கடலுக்குப் புறப்பட்ட விசைப்படகு ஒன்று
முகத்துவார மணல்திட்டில் தட்டி நின்றது.
தள்ளினார்கள், திட்டினார்கள், இன்ஜின் கத்தியது.
பிறகு ஐஸை அள்ளித் தண்ணீரில் கொட்டினார்கள்.
காசு கொடுத்து வாங்கிய ஐஸ்,
வைரக்கண்ணு ராத்திரியெல்லாம் உடைத்த ஐஸ்,
வெள்ளை வெள்ளையாய் மிதந்து போனது.
படகு ஒரு தரம் முனகி
நகர்ந்தது.
என் டீசலை
யாரும் தொடவில்லை.

அன்று மாலை மூன்று தாளையும் கிழித்தேன்.
விடிந்தது, என்று மட்டும் விட்டுவைத்தேன்.
அடுத்த வரியில் அவன் துண்டை அவிழ்த்தான்.
அவள் பார்த்தாள்.
அவள் கையிலிருந்த லாந்தர் விழுந்தது.
லாந்தரா, டார்ச்சா? டார்ச்.
அதற்குமேல் எனக்கே ஓடவில்லை.
அந்த இடத்திலேயே நூலைக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி.
அமோனியா வாடையோடு வந்து
கவுன்டரில் தாள்களை வைத்தார்.
எடுத்த எடுப்பில் கடைசித் தாளைப் பார்த்தேன்:
மூலையில் ஈரம்.
திருப்பினேன்.
அச்சடித்த பில், லிட்டர், தொகை, கையொப்பம்,
கதை ஒரு எழுத்தும் இல்லாத பக்கம்,
அதிலும் ஈரம்.
இன்னும் இருக்கிறதா என்று
திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"
இன்னும் எழுதல.
"சும்மா சொல்லுங்க மேடம்."
நெசமாவே எழுதல.

பின்னால் மூன்று படகுக்காரர்கள்
கேனோடு நிற்கிறார்கள்.
அவர் நகரவில்லை.
குனிந்து, ரகசியம்போல,
"அவனுக்கு ஒரு காது இருக்காது, அதானே?
அதான் அவ டார்ச்ச போட்டுட்டா."

அதேதான்.
நேற்று ராத்திரி பாதித் தூக்கத்தில்
நான் யோசித்து வைத்திருந்ததும்
அந்தக் காதுதான்.

சிரித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
அவர் சைக்கிள் பாலம் ஏறும்வரை பார்த்துவிட்டு
பில் தாளைத் திருப்பினேன்.

இனி அவனுக்கு
ரெண்டு காதும் உண்டு.